கண்டக்டரின் உரத்தொட்டி

பால் பாக்கெட் வந்து விழுகிற நேரத்துக்கு அந்த நான்கு மாடிக் கட்டடத்தின் படிக்கட்டில் விசில் சத்தம் கேட்கும். ஒரு நீள விசில் என்றால் வண்டி நின்றுவிட்டது, காய்கறிக் கழிவு வாளியை வாசலுக்குக் கொண்டு வாருங்கள் என்று அர்த்தம். இரண்டு குட்டி விசில் என்றால் ரைட், கண்டக்டர் அடுத்த மாடிக்குப் புறப்பட்டுவிட்டார்.

அவர் பஸ்ஸிலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிவிட்டது. பஸ்தான் இன்னும் அவரை விட்டு இறங்கவில்லை. படியில் நிற்கும்போதும் காலை அகட்டி வைத்துத்தான் நிற்பார், கட்டடம் எந்த நேரமும் பிரேக் போட்டுவிடும் என்பதுபோல. வெங்காயச் சருகு, வாழைப்பழத் தோல், முட்டை ஓடு, டீத்தூள் எல்லாம் அவருடைய பெரிய வாளியில் ஏறலாம். எண்ணெய், எலும்பு, சமைத்த மிச்சம் ஏறக்கூடாது. மீறி யாராவது கொட்ட வந்தால், "இது இந்த வண்டியில போகாதுங்க" என்று வாளியை நகர்த்திக்கொள்வார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் நகர்த்திவிடுவார்.

வாளி நிறைந்ததும் கட்டடத்தின் பின்பக்கம் போவார். சைக்கிள் நிறுத்துகிற இடத்தை ஒட்டி, காற்றுப் போக ஓட்டை விட்டுக் கட்டிய மூன்று செங்கல் தொட்டிகள். ஒன்று நிறையும்போது இன்னொன்று மக்கிக்கொண்டிருக்கும், மூன்றாவதில் உரம் தயாராக இருக்கும். சுற்றுச்சுவர் ஓரத்தில் தக்காளியும் மிளகாயும் ரோஜாவும் வளர்வது அந்த உரத்தில்தான். முன்பெல்லாம் இந்தக் கழிவு மொத்தமும் லாரியில் ஏறி ஊருக்கு வெளியே இருக்கிற குப்பைமேட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்போது லாரிக்காரனுக்கு இந்தக் கட்டடத்தில் பாதி வேலைதான்.

உலகத்தைத் திருத்துவதற்காக அவர் இதில் இறங்கினார் என்று யாராவது நினைத்தால் அது அவர்களுடைய நல்ல மனசு. அவர் இறங்கியது வேறு காரணத்துக்காக. அவருடைய மனைவி மகளின் பிரசவத்துக்குத் துணையாகக் கடல் தாண்டிப் போனாள். ஆறு மாதத்தில் வருவதாகப் பேச்சு. குழந்தைக்குப் பல் முளைக்கட்டும் என்றார்கள், பிறகு நடக்கட்டும் என்றார்கள், நடக்க ஆரம்பித்தபோது மகள் மறுபடியும் உண்டாகியிருந்தாள். யார் மேல் கோபப்படுவது? கண்டக்டர் தனியாகச் சமைத்தார், தனியாகச் சாப்பிட்டார், ஒரு பழைய பெயின்ட் வாளியில் தன் வீட்டுக் கழிவை மட்டும் போட்டு உரமாக்கப் பார்த்தார். ஒரு ஆள் உரிக்கிற தோல் எவ்வளவு இருக்கும்? ஒரு கைப்பிடி. வாளிக்குள் அது சூடேறவே இல்லை. காய்ந்து சுருங்கி அப்படியே கிடந்தது. குவியல் என்றால் கூட்டம் வேண்டும், ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு கிடந்தால்தான் உள்ளே சூடு பிறக்கும் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கூட்டம் சேர்ப்பது தெரிந்த தொழில்தானே. பழைய விசிலைத் தேடி எடுத்தார்.

அதன் பிறகு காலைப்பொழுது நிறைந்துவிட்டது. முதல் மாடியில் முழங்கால் வலி, இரண்டாம் மாடியில் பரீட்சை, மூன்றாம் மாடித் தையல்காரம்மாவிடம் ஊர் வம்பு. அந்த அம்மா தனி ஆள். முன்னறையில் மெஷின் போட்டு ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைத்துக்கொடுப்பவள். "கண்டக்டரண்ணே, மிச்சச் சில்லறை எங்கே?" என்று தினமும் கேட்பாள். "இறங்கும்போது வாங்கிக்கம்மா" என்பார். தினமும் அதே ஜோக்தான். இரண்டு பேரும் தினமும் சிரித்தார்கள்.

தொட்டி வேலையில் அவருக்குக் கருவி என்று பெரிதாக எதுவும் இல்லை. கிளறுவதற்கு ஒரு முள்மண்வெட்டி, சூடு பார்க்க ஒரு இரும்புக் கம்பி, காய்ந்த சருகு நிரப்பிய சாக்கு மூட்டைகள், அப்புறம் மூக்கு. ஈரக் கழிவு ஒரு அடுக்கு என்றால் அதன்மேல் சருகு ஒரு அடுக்கு. எவ்வளவு சருகு என்பதை அவர் ஒருநாளும் அளந்தது கிடையாது. குனிந்து முகர்வார். புளித்த வாடை லேசாக வந்தால் ஒரு கூடை சருகு, காட்டமாக வந்தால் இரண்டு கூடை. "மூக்குதான் நம்ம செக்கிங் இன்ஸ்பெக்டர், அவருக்கு லஞ்சம் குடுக்க முடியாது" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. சளி நெஞ்சைக் கட்டியது. நாலைந்து நாள் படுத்துக் கிடந்துவிட்டு எழுந்தார். உடம்பு தேறிவிட்டது, சாப்பாடுதான் சப்பென்று இருந்தது. உப்பு தெரிந்தது, உறைப்பு தெரிந்தது, மற்றது எதுவும் தெரியவில்லை. தனியாகச் சாப்பிடுகிறவனுக்கு எதுவும் ருசிக்காது என்று நாலு பேர் சொல்லக் கேட்டிருந்தார். அதுதான் இது போலிருக்கிறது, இவ்வளவு காலம் கழித்து வந்து சேர்ந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டார். அந்த எண்ணம் வந்த பிறகு அவர் அதைப் பற்றி வேறு யோசிக்கவும் இல்லை.

தொட்டியும் அந்த நாட்களில் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது. குனிந்து முகர்ந்தால் ஒரு வாடையும் இல்லை. மழையில் சருகுக்குத் தட்டுப்பாடு வேறு. வேண்டாத இடத்தில் எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று மூட்டைகளைக் கட்டியே வைத்தார்.

முதலில் தொட்டிப் பக்கத்து ஜன்னல்கள் சாத்தப்பட்டன. அப்புறம் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக முன்பக்கம் இடம் மாறின. சில வீடுகளில் விசில் ஊதியும் வாளி வரவில்லை. கடைசியாகக் கட்டடச் சங்கத்தின் செயலாளர், அவர் பல் டாக்டர், படிக்கட்டில் வழிமறித்தார்.

"கண்டக்டர் சார், தப்பா எடுத்துக்காதீங்க. பின்பக்கம் நாத்தம் தாங்கல. என் வீட்டுல சமையக்கட்டு ஜன்னலைத் திறக்க முடியல."

"நாத்தமா? வாங்க, வந்து மோந்து பாருங்க."

கையோடு இழுத்துக்கொண்டு போனார். தொட்டியில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, மூக்குக்கு அருகில் கொண்டுபோய், நெஞ்சு நிறைய இழுத்தார். "மழை பெஞ்ச மண்ணு மாதிரி இருக்கு. இதைப் போய் நாத்தம்னு சொல்றீங்களே." பல் டாக்டர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். தினம் முப்பது வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிற மனிதர், அவரால் தாங்க முடியவில்லை. கண்டக்டர் அதை நடிப்பு என்று எடுத்துக்கொண்டார்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டுத் தொட்டிகளை இடிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கப் போகிறார்கள் எனத் தெரிந்ததும், எல்லாரும் சேர்ந்துகொண்டு பொய் சொல்கிறார்கள் என்றே அவர் நம்பினார். சைக்கிள் நிறுத்த இடம் பற்றவில்லை, அதற்கு இப்படி ஒரு பழி. தொட்டி போய்விட்டால் விசில் போய்விடும். விசில் போய்விட்டால் விடிந்ததிலிருந்து இருட்டுகிற வரை ஒரு வார்த்தை பேச ஆள் கிடையாது. சாயங்காலம் மனைவி போன் செய்வாள், அவ்வளவுதான். அந்தப் போனும் எப்போதும் ஒரே கேள்வியில்தான் முடியும்: "அடுப்பை அணைச்சீங்களா?" அந்தக் கேள்வியைக் கேட்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "நான் என்ன கைக்குழந்தையா?" என்று வைத்துவிடுவார்.

அந்த வாரம் தையல்காரம்மா காய்ச்சலில் விழுந்தாள். மெஷின் சத்தம் இல்லாததைப் படிக்கட்டிலேயே கவனித்துவிட்டார். கதவைத் தட்டியபோது கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றாள். பருப்பும் கேரட்டும் போட்டு சூப் வைத்து, ஒரு தூக்குச்சட்டியில் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார். கேரட்டை வில்லை வில்லையாக, ஒரே அளவில் நறுக்குவது அவர் வழக்கம். டிக்கெட் கிழித்த கை, கோணல் மாணலாக எதையும் கிழிக்காது. சூப் வைத்த பாத்திரத்தின் அடியில் ஏதோ கறுப்பாகப் பிடித்திருந்தது. சுரண்டினால் வராது என்று தண்ணீர் ஊற்றி ஊற வைத்தார். கூட்டத்தில் நமக்காகப் பேச ஒருத்தியாவது இருக்கிறாள் என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் காலை மூன்றாம் மாடியில் வாளி கதவுக்கு வெளியே வைக்கப்பட்டிருந்தது. அம்மா படுத்திருந்தாள் போலிருக்கிறது. எடுத்துக் கவிழ்த்தார். மேலே வெங்காயச் சருகு விழுந்தது. அதன் கீழிருந்து பருப்பும், ஒரே அளவில் நறுக்கிய கேரட் வில்லைகளும் கொழகொழவென்று வந்து விழுந்தன. ஒரு வாய் குறைந்திருக்கலாம். மற்றதெல்லாம் அப்படியே இருந்தது.

கண்டக்டர் வாளியைப் பார்த்துக்கொண்டே நின்றார். இது இந்த வண்டியில் போகாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. கொடுத்தவன் வாளியிலேயே திருப்பிக் கொட்டுவதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும். இரண்டு குட்டி விசில் ஊதாமலே நான்காம் மாடிக்கு ஏறினார்.

அதற்கடுத்த நாள் இரண்டாம் மாடியோடு திரும்பி இறங்கிவிட்டார்.

விசில் வராததை அவள் கவனித்திருக்க வேண்டும். வெயில் ஏறியதும், கழுவித் துடைத்த தூக்குச்சட்டியோடு கண்டக்டர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். முகம் வெளிறியிருந்தது, ஆனால் எழுந்து நடமாடுகிற அளவுக்குத் தேறியிருந்தாள். கதவு திறந்தே கிடந்தது. அவர் முன்னறையில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "என்னண்ணே இது, பால் தீயுது."

"பாலா?"

"அடுப்புல பால் வச்சிருக்கீங்களா இல்லையா? தீஞ்சு போச்சுண்ணே. மாடிப்படி வரைக்கும் வருது."

"நான் இங்கதானே உக்காந்திருக்கேன். தீஞ்சா எனக்குத் தெரியாதா?"

அவள் அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே ஓடினாள். அடுப்பை அணைக்கிற சத்தம், இடுக்கி தேடுகிற சத்தம், தண்ணீர்த் தொட்டியில் பாத்திரம் சுரீரென்று விழுகிற சத்தம் எல்லாம் அவருக்குக் கேட்டது. எழுந்து போய்ச் சமையலறை வாசலில் நின்றார். ஒரு லிட்டர் பால் கரியாகிப் பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருந்தது. மெல்லிய புகை ஜன்னல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. தையல்காரம்மா புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமினாள். அவர் பொத்திக்கொள்ளாமல் நின்றார். பொத்திக்கொள்ள அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

"பால் தீயுது." முப்பது வருஷமாக இந்தச் சமையலறையிலிருந்து அவர் மனைவி கத்திய வார்த்தை. பேப்பர் படித்துக்கொண்டிருப்பார், பாலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருப்பாள், எங்கிருந்தோ கத்துவாள். கத்துவதற்கு முன்பே அவருக்கும் வாடை வந்திருக்கும். எழுந்து போகச் சோம்பலாக இருக்கும், அவ்வளவுதான்.

அலமாரியிலிருந்து பூண்டு ஒரு பல்லை எடுத்து நசுக்கி முகர்ந்தார். சோப்பை முகர்ந்தார். மண்ணெண்ணெய் பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். கடைசியில் தையல்காரம்மா தன் கையை நீட்டினாள். "மெஷினுக்கு எண்ணெய் போட்டுட்டு வந்தேன். இது தெரியுதா பாருங்கண்ணே."

"ஒண்ணும் தெரியலம்மா."

"சூப்பும் அடிப்பிடிச்சுப் போயிருந்துச்சுண்ணே. ஒரு வாய் வச்சேன், காய்ச்சல் உடம்பு, குமட்டிடுச்சு. சொன்னா வருத்தப்படுவீங்கன்னு வெங்காயச் சருகுக்கு அடியில போட்டேன். வாளி உங்ககிட்டதான் வரும்ன்றது புத்திக்கு எட்டல."

அவர் தலையை ஆட்டினார். சூப்பின் மேல் இருந்த வருத்தம் போய்விட்டிருந்தது. அது இருந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது. "அப்ப தொட்டி?" என்று கேட்டார்.

தையல்காரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நாறுதுண்ணே. ரொம்ப நாளா."

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். முதுகைப் பார்த்துச் சொல்ல வீட்டில் இன்னொரு ஆள் இருப்பார் என்ற நம்பிக்கையில் சொன்ன பழமொழி அது.

சாயங்காலம் மனைவி போன் செய்தாள். பேரனின் இருமல், மகளின் வீங்கிய கால், அங்கே குளிர் அதிகம் என்று எல்லாம் சொன்னாள். அவருக்கு இதைச் சொல்லவேண்டும் என்று நாக்கின் நுனிவரை வந்தது. சொன்னால் அவள் வந்துவிடுவாள். வந்துவிடுவாள் என்பதாலேயே சொல்ல முடியவில்லை. அவளை இங்கே இழுத்துவிட்டால் அங்கே வயிறும் குழந்தையுமாக நிற்கிற மகளுக்கு யார்? "அடுப்பை அணைச்சீங்களா?" என்று கேட்டபோது வழக்கம்போல எரிந்து விழவில்லை. "ம்" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கண்டக்டர் உட்காரவில்லை. கூட்டத்தில் உட்கார்ந்து அவருக்குப் பழக்கம் கிடையாது. பல் டாக்டர் எழுந்து, எல்லாருக்கும் கண்டக்டர் சார் மேல் மரியாதை உண்டு, ஆனாலும் என்று இழுத்தார். அந்த ஆனாலும் முடிவதற்குள் கண்டக்டர் குறுக்கே பேசினார்.

"டாக்டர் சார் சொன்னது நிஜம். நாறுது. நீங்க எல்லாரும் சொன்னீங்க, நான்தான் உங்களைப் பொய்க்காரங்க ஆக்கிட்டேன். எனக்கு மூக்கு போயிடுச்சு. எந்த வாடையும் தெரியல. அது தெரியாம, வாடையே இல்லன்னு சருகு போடுறத விட்டுட்டேன். உள்ள அழுகிப் போச்சு. தப்பு தொட்டி மேல இல்ல, என் மேலதான்."

ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "எப்போலேருந்து சார் இப்படி?" என்று, நோயாளியைக் கேட்கிற குரலில் கேட்டார்.

"தெரியல சார்." அதோடு நிறுத்திக்கொள்ளத்தான் நினைத்தார். வாய் நிற்கவில்லை. "பால் தீஞ்சா தீயுதுன்னு சொல்றதுக்கு வீட்டுல ஒரு ஆள் இருந்தாத்தானே, எப்பலேருந்துன்னு தெரியும்."

பாவம் பார்க்கிறார்கள் என்று அவருக்குக் கூச்சமாகப் போயிற்று. அத்தனை வருஷம் பஸ் கூட்டத்தைக் கத்தி அடக்கியவர், இந்த இருபது பேர் மௌனத்தைத் தாங்க முடியாமல் சுவரோரத் தக்காளிச் செடிகளைப் பார்த்தார்.

மௌனத்தைக் கலைத்தது தையல்காரம்மாதான். "அண்ணனுக்குத் தொட்டியைப் பத்தி எல்லாம் தெரியும். மூக்கு ஒண்ணுதானே இல்ல? என்கிட்ட இருக்கு. காலையில நான் வந்து மோந்து சொல்றேன். ஒரு மாசம் பாப்போம். அப்பவும் நாறினா இடிச்சிடுங்க."

"ஊரான் வீட்டுக் குப்பையில மூக்கை நுழைக்க உனக்கு என்ன தலையெழுத்து?" என்று முதல் மாடி முழங்கால்வலி அக்கா கேட்டாள். அப்போதுதான் எல்லாரும் சிரித்தார்கள். ஒரு மாதம் என்று முடிவானது. பல் டாக்டர் தனக்குத் தெரிந்த மூக்கு டாக்டர் ஒருவரிடம் அழைத்துப் போனார். அந்த டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இப்படி ஆவதுண்டு, திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார். இதைச் சொல்ல ஒரு டாக்டரா என்று கண்டக்டர் வெளியே வந்து முணுமுணுத்தார்.

தொட்டியைக் காலி செய்து, வழவழவென்று அழுகியிருந்ததையெல்லாம் வெயிலில் பரப்பி, கட்டி வைத்திருந்த மூட்டைகளை அவிழ்த்துச் சருகு கலந்து மறுபடி அடுக்கினார். ஒரு பிடியை இறுக்கிப் பிழிந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. கையால் தெரிந்துகொள்ளக் கூடியதையெல்லாம் கையால் தெரிந்துகொண்டார். மற்றதைத் தையல்காரம்மா சொன்னாள். விரல் உறையைக்கூடக் கழற்றாமல் மெஷினிலிருந்து அப்படியே எழுந்து வந்து, தொட்டி மேல் குனிந்து, "இன்னும் புளிப்பு அடிக்குதுண்ணே" என்பாள். அவர் ஒரு கூடை கொட்டுவார். "இன்னும்?" "கொஞ்சூண்டு." இன்னும் அரைக் கூடை. அது முடிந்ததும் அவள் தைக்கப் போய்விடுவாள். அவளுக்கு வேலை இருந்தது. அவர் சாக்கை மடித்துக்கொண்டு நிற்பார். வாளி கொடுக்காமல் விட்ட வீடுகளில் சில திரும்பி வந்தன, சில வரவில்லை. அந்தக் கதவுகளுக்கு முன்னாலும் அவர் விசில் ஊதிவிட்டுத்தான் போனார்.

மாதம் முடிகிற சமயத்தில் ஒரு காலை, கிளறிய இடத்திலிருந்து லேசாக ஆவி எழுந்தது. கம்பியைச் செருகி எடுத்தார். கை வைக்க முடியாத சூடு. தையல்காரம்மா அடுத்த தொட்டியிலிருந்து ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள்.

"வந்துடுச்சுண்ணே."

"என்ன வந்துடுச்சு?"

"நீங்க சொல்வீங்களே, அது. மழை பெஞ்ச மண்ணு."

அவள் கையிலிருந்து அந்தக் கறுப்புப் பொடியை வாங்கிக்கொண்டார். பொலபொலவென்று விரலிடுக்கில் வழிந்தது. முகத்துக்கு நேரே வைத்துக் கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்தார். காற்று உள்ளே போயிற்று, வெளியே வந்தது. அவ்வளவுதான். இருக்கிறது என்று இன்னொருவர் சொல்லித்தான் இனிமேல் எதுவும் இருக்கும். அவருக்கு அழுகை வந்தது, அதை இருமலாக்கி விழுங்கினார். அவள் போன பிறகு அந்தப் பிடி உரத்தை ரோஜாச் செடியின் காலடியில் போட்டுத் தட்டிவிட்டார்.

அன்று சாயங்காலமும் போன் வந்தது. பேரன் ஒரு வார்த்தை புதிதாகப் பேசுகிறான், மகளுக்கு நாள் நெருங்கிவிட்டது. எல்லாம் சொல்லி முடித்து மனைவி வழக்கமான இடத்துக்கு வந்தாள்.

"அடுப்பை அணைச்சீங்களா?"

"இரு, வரேன்."

போனை மேசையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். விளக்கைப் போட்டு, குனிந்து, அடுப்பின் இரண்டு குமிழையும் கண்ணால் பார்த்தார், கையாலும் தொட்டுப் பார்த்தார். திரும்பி வந்து போனை எடுத்தார்.

"அணைச்சிருக்கு. பாத்துட்டேன்."

மறுமுனையில் அவள் சிரித்தாள். "என்ன அதிசயம். கேட்டாலே எரிஞ்சு விழுவீங்க, இன்னைக்கு எழுந்து போய்ப் பாத்துட்டு வேற வரீங்க. என்ன ஆச்சு உங்களுக்கு?"

"ஒண்ணும் ஆகல."

"சரி, வைக்கட்டுமா?"

"வை," என்றார். அவள் வைப்பதற்குள் அவசரமாக, "இந்தா, நாளைக்கும் கேளு. மறந்துடாத. தினமும் கேளு" என்றார்.